வாசலில் வந்து நின்ற வேலை

பள்ளி ஆண்டு விழா, கல்லூரி வேலைவாய்ப்பு முகாம், புத்தகத் திருவிழா மேடை, கைப்பேசித் திரை என்று எங்கே திரும்பினாலும் இன்றைக்கு ஒரே உபதேசம்தான். "உன் வாழ்க்கையின் நோக்கம் உனக்குள்ளேதான் இருக்கிறது. அமைதியாக உட்கார்ந்து தேடு. கண்டுபிடித்துவிட்டால் ஆயுள் முழுக்க நிறைவுதான்." பேசுகிறவர், நான்கு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் படம் ஒன்றைத் திரையில் காட்டுவார். உனக்குப் பிடித்தது, உனக்குக் கைவந்தது, உலகத்துக்குத் தேவையானது, காசு வருவது. நான்கும் சந்திக்கும் நட்டநடு இடம்தான் உன் நோக்கம் என்பார். பிளஸ் டூ பிள்ளைகள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் உள்ளே தேடிப் பார்ப்பார்கள். ஒன்றும் அகப்படாது. தங்களிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வார்கள்.

குறை பிள்ளைகளிடம் இல்லை, தேடச் சொன்ன இடத்தில் இருக்கிறது. ஒவ்வொருவர் மனசுக்குள்ளும் பிறக்கும்போதே ஒரு நோக்கம் புதையலாகப் புதைந்து கிடக்கிறது, தோண்டினால் கிடைக்கும் என்கிற இந்த எண்ணத்துக்கு, நிறைவாக வாழ்ந்து முடித்தவர்களின் வரலாற்றில் சாட்சி மிகக் குறைவு. எதிர்ச்சாட்சி ஏராளம். அதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமியான புதுக்கோட்டை மாவட்டமே போதும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிலிருந்து தொடங்கலாம். மேடைப் பேச்சாளர்களுக்கும் பிடித்த பெயர்தான். "கனவை விடாமல் துரத்தியவர்" என்று அறிமுகம் செய்வார்கள். அவர் வாழ்க்கையை ஆண்டுவாரியாகப் படித்தால் அந்த அறிமுகம் ஒட்டவே ஒட்டாது.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெண் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவது அன்றைய வழக்கம். அதனால் வீட்டிலேயே படித்துத் தனித் தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்ததால் சேர முடிந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம்.

இதுவரை கனவுக் கதையாகவே சொல்லிக்கொண்டு போகலாம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். 1926இல் இந்திய மாதர் சங்கம் அவர் பெயரைச் சட்டமன்றத்துக்கு முன்மொழிந்தபோது அவர் தயங்கினார். மருத்துவப் பணிக்கு இடைஞ்சலாகிவிடுமே என்பது அவர் கவலை. சட்டமன்றம் போ என்று அவருக்குள்ளிருந்து எந்தக் குரலும் கூப்பிடவில்லை. வெளியே இருந்த பெண்கள் கூப்பிட்டார்கள், போனார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், அந்த மன்றத்தின் துணைத் தலைவர் என்று இன்று பாடப்புத்தகங்கள் சொல்லும் பெருமையெல்லாம் அவர் தயங்கித் தயங்கி ஏற்ற வேலையில் வந்து சேர்ந்தவை.

அவர் தொடங்கிய ஔவை இல்லமும் திட்டம் போட்டு வந்தது அல்ல. 1930இல், கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமிகள் அடைக்கலம் கேட்டு அவர் வாசலில் நின்றார்கள். விடுதிகளில் சேர்க்கப் பார்த்தார். தேவதாசிக் குலத்துப் பெண்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயாராக இல்லை. தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அநாதைப் பெண் பிள்ளைகளின் இல்லமாக அது வளர்ந்து இன்றும் சென்னையில் நடக்கிறது.

அவர் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வேர் ஒரு சாவு. 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் அந்த நோய்க்கென்று ஒரு மருத்துவமனை கிடையாது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையில், இங்கே ஒரு புற்றுநோய் மருத்துவமனை வர வேண்டும் என்று பேசினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. முத்துலட்சுமிக்கு 67 வயது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைத் தோளில் சுமந்தார்கள். சாந்தா 2021இல் மறையும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

இந்த வாழ்க்கையை நான்கு வட்டப் படத்தில் எங்கே பொருத்துவது? தங்கையின் சாவை எந்த வட்டத்துக்குள் எழுதுவது? வாசலில் நின்ற சிறுமிகள் அவருக்குப் "பிடித்தது" என்ற கணக்கில் வருவார்களா, "கைவந்தது" என்ற கணக்கில் வருவார்களா? ஒவ்வொரு திருப்பத்திலும் வேலை வெளியிலிருந்து வந்தது, அவர் மறுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அந்த "மறுக்கவில்லை" என்பதற்குள் இருக்கும் உழைப்பும் துணிச்சலும் அவருடையவை. நோக்கத்தை உள்ளே தேடியதால் வந்தவை அல்ல.

முத்துலட்சுமி போன்றவர்கள் அபூர்வப் பிறவிகள், அவர்களை வைத்துச் சாதாரண மனிதர்களுக்கு நியாயம் பேசக் கூடாது என்று ஒரு மறுப்பு வரும். சரி, சாதாரண மனிதர்களிடமே போவோம். ஒருவரிடமோ இருவரிடமோ அல்ல, ஒரு லட்சம் பேரிடம்.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொல்லித்தர ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கிளம்பினார்கள். உள்கிராமங்களுக்குப் போய்வர பெண் தொண்டர்களுக்கு வண்டி வசதி இல்லை. பெண்கள் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போக முடியாமல் எழுத்து மட்டும் கற்று என்ன பயன் என்ற கேள்வியும் இருந்தது. அப்படித்தான் சைக்கிள் எழுத்தறிவுப் பாடத்தோடு சேர்ந்தது. அடுத்த 18 மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று அப்போது அங்கே சுற்றி எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், பள்ளி ஆசிரியைகள், முக்காடு போட்ட இஸ்லாமியப் பெண்கள் என எல்லோரும் அதில் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனது. பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. சொந்தமாக வாங்க முடியாதவர்கள் வாடகை சைக்கிள் எடுத்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள்.

கேலி இல்லாமல் இல்லை. தெருவில் நின்று ஆண்கள் சொன்ன வசைகளை அந்தப் பெண்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் பெடலை நிறுத்தவில்லை. கிடைத்த லாபத்தை ரூபாயில் அளக்காதீர்கள், இது மரியாதை பற்றிய விஷயம் என்று இயக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். நிறைவு என்ற சொல்லுக்கு மாவட்டத்தின் நினைவில் இதைவிடக் கண்கூடான சாட்சி கிடையாது.

உள்ளே தேடச் சொல்கிறவர்கள் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள். அந்த ஆர்வம் பெண்களுக்குள் ஏற்கெனவே இருந்தது, வாய்ப்பு வந்ததும் வெளிப்பட்டது என்பார்கள். அப்படியானால் ஒரு லட்சம் பெண்களின் மனசுக்குள் தனித்தனியாகப் புதைந்து கிடந்த ஒன்று, அதே மாவட்டத்தில், அதே 18 மாதங்களில் மொத்தமாக எப்படி வெளியே வந்தது? பக்கத்து மாவட்டத்துப் பெண்களுக்கு மனசுக்குள் ஒன்றும் இல்லையா? மாறியது பெண்களின் உள்ளம் அல்ல. சாயங்கால வகுப்பு வந்தது, அரிக்கேன் விளக்கு வந்தது, சைக்கிளுக்குக் கடன் வந்தது, கூட வர நாலு பேர் வந்தார்கள், மாவட்ட நிர்வாகம் பின்னால் நின்றது. இவையெல்லாம் வந்தபோது நோக்கமும் வந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இதே காலத்தில் மாவட்டத்தின் கல்குவாரிகளில் கொத்தடிமைகளாகக் கிடந்த ஆயிரக்கணக்கான பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். குடுமியான்மலைப் பக்கம் கல் உடைத்த பெண்கள் கணக்கு எழுதவும் லாரி லோடுக்கு விலை பேசவும் கற்றார்கள். பிறகு நிர்வாகத்தின் ஆதரவு குறைந்ததும் பழைய ஒப்பந்ததாரர்களின் கை மறுபடி ஓங்கியது. எழுத்தறிவு இயக்கங்கள் ஓய்ந்த பிறகு கற்ற எழுத்தை இழந்தவர்கள் நாடெங்கும் உண்டு. நோக்கம் உள்ளே இருக்கும் சொத்து என்றால் அது இப்படிக் கரைந்திருக்கக் கூடாது. அது வெளியே, மனிதர்களுக்கு நடுவில், ஒரு ஏற்பாட்டுக்குள் உயிர் வாழ்கிறது. ஏற்பாடு குலைந்தால் அதுவும் வாடுகிறது. தனிமனிதரின் மன உறுதியை மட்டும் போற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஏற்பாடுகளைக் காப்பாற்றும் பொறுப்பிலிருந்து எல்லோரையும் விடுவித்துவிடுகிறார்கள். இந்த உபதேசத்தின் பெரிய கேடு இதுதான்.

இனி, இந்தக் கட்டுரையின் வாதத்துக்கே வரக்கூடிய கடினமான எதிர்ப்பு. நோக்கம் வெளியிலிருந்து வருகிறது என்று சொன்னால், ஊர் எதைக் கையில் திணிக்கிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானா? உன் குலத்தொழில் இது, பெண்ணுக்குக் கடமை அது என்று சொன்ன சமூகமும் வெளியிலிருந்து நோக்கம் கொடுத்ததாகத்தானே சொல்லிக்கொண்டது?

இந்தக் கேள்விக்கு முத்துலட்சுமியின் வாழ்க்கையைவிட நேரான பதில் கிடையாது. ஏனென்றால் அவர் எதிர்த்து நின்றதே அப்படித் திணிக்கப்பட்ட ஒரு "புனித நோக்கத்தை"த்தான். பொட்டுக்கட்டுவதை ஒழிக்க அவர் சட்டம் கொண்டுவர முயன்றபோது, சிறுமிக்குப் பொட்டுக்கட்டுவது தெய்வ காரியம், கோயில் மரபு, கலையைக் காக்கும் கடமை என்று சட்டமன்றத்திலேயே சிலர் வாதாடினார்கள். எதிர்த்தவர்களில் முதன்மையானவர் எஸ். சத்தியமூர்த்தி. அவரும் இதே புதுக்கோட்டை சமஸ்தானத்தில், திருமயத்தில் 1887இல் பிறந்தவர், விடுதலைப் போரின் பெரிய தலைவர். தேவதாசிகளின் சங்கமும் எதிர்த்து மனு கொடுத்தது. தங்கள் மானிய நிலமும் கலையும் போய்விடும் என்ற அவர்களின் அச்சம் வெறும் கற்பனை அல்ல. அந்தச் சட்டம் கலைஞர்களிடமிருந்து எதைப் பறித்தது என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. 1929இல் மானிய நிலங்களைக் கோயில் ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கும் சட்டத் திருத்தம் வந்தது. பொட்டுக்கட்டுவதை முழுக்கத் தடை செய்யும் சட்டம் 1947இல்தான் வந்தது.

இங்கேதான் வேறுபாடு தெளிவாகிறது. ஒரு சிறுமியை மறுக்க முடியாத வயதில் பிடித்து, அவள் உழைப்பிலும் உடலிலும் பிறர் ஆதாயம் பார்த்துக்கொண்டு, இதுதான் உன் நோக்கம் என்று சொல்வது திணிப்பு. அந்தச் சிறுமி தப்பி ஓடி வந்து கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவர் எழுந்து திறப்பது நோக்கம். முதலாவதில் முடியாது என்று சொல்ல வழியில்லை. இரண்டாவதில் இருந்தது. கதவைத் திறக்காமலே இருந்திருக்கலாம், விடுதிகள் திறக்கவில்லை. வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஏற்கச் சொல்லவில்லை இந்தக் கட்டுரை. மறுக்கும் உரிமை உள்ள ஒருவர் பிறரின் தேவைக்குச் சம்மதம் சொல்லும் இடத்தில்தான் நோக்கம் பிறக்கிறது என்று சொல்கிறது.

அயல்நாட்டு அறிஞர்களின் பெயரைச் சொல்லித்தான் உள்தேடல் உபதேசம் இங்கே விற்கிறது. அந்த அறிஞர்கள் சொன்னதோ வேறு. வியன்னா மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் நாஜி வதை முகாம்களிலிருந்து உயிரோடு மீண்டு 1946இல் எழுதிய புத்தகத்தை மேடைதோறும் மேற்கோள் காட்டுகிறார்கள். வாழ்க்கையின் பொருளை உலகத்தில் தேட வேண்டும், தன் மனசுக்குள் அல்ல என்று அதே புத்தகத்தில் அவர் எழுதியதைச் சொல்வதில்லை. ஜப்பானின் இக்கிகய், அதாவது வாழ்வதற்கான காரணம், என்று சொல்லிப் படம் காட்டுகிறார்கள். அந்த நான்கு வட்டப் படம் ஜப்பானில் பிறந்ததே அல்ல. ஸ்பெயின்காரர் ஒருவர் வரைந்த படத்தின் நடுவில் 2014இல் ஓர் ஆங்கிலேயர் அந்தச் சொல்லைப் பொருத்தினார். இக்கிகய் பற்றி 1966இல் ஆழமாக எழுதிய ஜப்பானிய மனநல மருத்துவர் மியேகோ கமியா, தொழுநோயாளிகளின் தீவு மருத்துவமனையில் வேலை பார்த்தவர். பிடித்த தொழிலும் காசும் சந்திக்கும் புள்ளியைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் இழந்தவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்று கேட்டார்.

2018இல் பால் ஓ'கீஃப், கேரல் ட்வெக், கிரெக் வால்டன் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வும் கவனிக்க வேண்டியது. ஆர்வம் என்பது உள்ளே தயாராக இருப்பது, கண்டுபிடித்தால் போதும் என்று நம்பும் மாணவர்களையும், ஆர்வம் வளர்த்தெடுக்க வேண்டியது என்று நம்புகிறவர்களையும் ஒப்பிட்டார்கள். கருந்துளை பற்றிய சுவையான காணொளியைப் பார்த்தபோது இரு தரப்புக்கும் ஆர்வம் வந்தது. அதே விஷயத்தில் கடினமான கட்டுரையைப் படிக்கக் கொடுத்தபோது, "கண்டுபிடி" கட்சிக்காரர்களின் ஆர்வம்தான் அதிகம் சரிந்தது. காரணம் எளிது. இதுதான் எனக்கு விதித்தது என்றால் இவ்வளவு கஷ்டமாக இருக்காதே என்று நினைத்துவிடுகிறார்கள். 31 ஆண்டுகள் ஒரு மருத்துவமனைக்காக அலைய அந்த நம்பிக்கை உதவாது.

மறுபடி புதுக்கோட்டைக்கே வருவோம். சேந்தன்குடி "மரம்" தங்கசாமியும் மரக்கனவோடு பிறந்தவர் அல்ல. கீரமங்கலம் பக்கத்து விவசாயி. பயிர் கைவிட்டுக் கடனில் மூழ்கிய நேரத்தில், மரமும் பணப்பயிர்தான் என்ற பொருளில் வானொலியில் ஒருவர் பேசியதைக் கேட்டார். கடனை அடைக்க வழி என்று தேக்கங்கன்று நட்டார். நட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் மரத்தின்மேல் பிடிப்பு வந்தது. தோட்டம் கற்பகச்சோலை ஆனது. போகும் கல்யாணத்துக்கெல்லாம் மரக்கன்றோடு போகிற மனிதராக ஊர் அவரை அறிந்தது. கடன் முதலில், கன்று அடுத்து, பற்று கடைசியில். 2018 செப்டம்பரில் அவர் காலமானார். அந்த நவம்பரில் கஜா புயல் அந்தச் சுற்றுவட்டாரத்துத் தென்னையையும் பலாவையும் சாய்த்தது. மறுபடி நட ஆரம்பித்தவர்களும் வாழ்க்கையின் நோக்கத்தைத் தேடி உட்கார்ந்திருக்கவில்லை. தோட்டம் விழுந்து கிடந்தது, எழுந்து போனார்கள்.

சொந்த விருப்பத்துக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் தங்கள் சம்பளத்தில் கட்டியெழுப்பிய ஞானாலயா நூலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சேர்ந்தன. புத்தகத்தின்மேல் தீராத ஆசை இல்லாதவர்களால் அது முடியாது. ஆனால் அந்தச் சேகரிப்பும் தந்தை ஒப்படைத்த பழைய நூல்களிலிருந்து தொடங்கியது. பல ஊர்களிலிருந்து ஆய்வாளர்கள் தேடி வரவர அது நூலகமாக வளர்ந்தது. ஆசை மட்டும் இருந்திருந்தால் அது ஒரு வீட்டின் அலமாரியோடு நின்றிருக்கும்.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். தங்கை கல்யாணம், அப்பா மருந்துச் செலவு, வீட்டுக் கடன் என்று மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். "நீ உன் வாழ்க்கையை வாழவில்லை, உன் நோக்கத்தை இழந்துவிட்டாய்" என்று கைப்பேசித் திரை அவர்களிடம் இரவெல்லாம் சொல்கிறது. இது அநியாயம். அவர்களுக்கு நல்ல கூலி வேண்டும், ஓய்வு வேண்டும், வேறு வேலைக்கு மாறும் வழி வேண்டும். இவற்றையெல்லாம் கேட்டுப் போராட வேண்டும். நோக்கம் இல்லாதவர்கள் என்ற பழியை மட்டும் அவர்கள் தலையில் ஏற்றக் கூடாது.

மாவட்டத்தின் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தன்னம்பிக்கைப் பேச்சாளருக்கு ஒதுக்கும் மணி நேரத்தை, உங்கள் ஊரிலேயே இருக்கும் ஒரு பழைய அறிவொளித் தொண்டருக்குக் கொடுங்கள். 1991இல் இருபது வயதில் இருந்த பெண்கள் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். எதற்காக அந்த வகுப்புக்குப் போனார்கள், யார் கூப்பிட்டார்கள், யார் தடுத்தார்கள், சைக்கிளை யாரிடம் வாங்கினார்கள், இயக்கம் நின்ற பிறகு என்ன செய்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். பேச்சு முடிந்ததும் "உன் நோக்கம் என்ன" என்று எழுதித்தரச் சொல்லும் படிவத்தைக் கொடுக்காதீர்கள். உன் ஊரில் யாருக்கு என்ன வேலை முடியாமல் கிடக்கிறது என்று பார்த்து வரச் சொல்லுங்கள்.